பள்ளிக்கூடம் பூட்டியாச்சு, நம்ம லீவு என்னாச்சு?



ஆண்டு இறுதியில் பள்ளிக்கூடம் பூட்டினால் பட்டணத்து வீடுகளில் 'எங்கே போகலாம்?' என்ற பேச்சு எழும். தோட்டத்து வீடுகளில் எழும் பேச்சு வேறு. 'பிள்ளைங்கள எங்க விடறது?' என்பதுதான் நம் தாய்மாரின் கவலை. பொழுது விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். ஆயக்கொட்டாயில் கைக்குழந்தைகளைத்தான் சேர்ப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையையும் ஆறு வயதுப் பிள்ளையையும் மாதக் கணக்கில் யார் பார்ப்பது?

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வாழும் இளம் குடும்பம் ஒன்று, 2025 டிசம்பரிலும் 2026 ஜனவரித் தொடக்கத்திலும் இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல விடை கண்டது. அவர்கள் ஊர் பெயரும் ஆள் பெயரும் நமக்கு வேண்டாம். அவர்கள் போட்ட கணக்குத்தான் வேண்டும். அது எல்லாத் தோட்டத்துக்கும் பொதுவான கணக்கு.

கணவர் குலை வெட்டுகிறவர். அந்தத் தோட்டத்தில் ஆறு ஆண்டு வேலை. மனைவி உரம் போடும் கும்பலில் மூன்று ஆண்டாக இருக்கிறார். மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு முடித்தவள். இளையவன் ஜனவரியில் ஒன்றாம் ஆண்டு சேரவேண்டியவன்.

நாம் அவர்களைக் கண்டது நவம்பர் மாதத்தில், கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். "பள்ளி லீவு வருதே, பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு தம்பி?" என்று கேட்டோம்.

"என்னாண்ணே ஏற்பாடு! மூத்தவ நம்மளோட காட்டுக்கு வந்துருவா. சின்னவன பக்கத்து வீட்டு ஆயா பாத்துக்கும்" என்றார்.

மகள் இரண்டு ஆண்டாக விடுமுறையில் தகப்பனோடு வேலைக்காட்டுக்குப் போய் உதிரிப் பழம் பொறுக்கி வந்திருக்கிறாள். விடுமுறை முடிந்ததும் 'விடுமுறையில் நான்' என்று கட்டுரை எழுதச் சொன்னாராம் ஆசிரியை. மற்றப் பிள்ளைகள் கடற்கரை, மாமா வீடு என்று எழுதியிருக்கிறார்கள். இவள், அப்பாவோடு பழம் பொறுக்கியதையும், கையில் முள் குத்தியதையும், மூட்டைகளை எண்ணியதையும் எழுதியிருக்கிறாள். இதைச் சொன்னது அந்தத் தாய். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

தாய் தகப்பனைக் குறை சொல்வதற்காக இதை நாம் எழுதவில்லை. பிள்ளையைத் தனியே வீட்டில் விட அஞ்சித்தான் கூட்டிப் போகிறார்கள். ஆனால் செம்பனை நிரை பிள்ளைகள் விளையாடும் இடமல்ல. மேலே குலையும் மட்டையும் விழும். கீழே முள்ளும் பாம்பும் கிடக்கும். நேற்றுத் தெளித்த மருந்து இன்று புல்லில் இருக்கும். 1966-ஆம் ஆண்டிலேயே பிள்ளைகள் வேலை செய்வதற்கு எல்லை கட்டிச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஒன்பது வயதுச் சிறுமி தகப்பன் கணக்கில் பழம் சேர்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

"நீங்க ரெண்டு பேரும் லீவு எடுத்தா என்ன?" என்று கேட்டோம்.

"லீவு எடுத்தா சம்பளம் கட்டாயிருமேண்ணே!"

இந்த ஒரு வார்த்தைதான் தோழர்களே, தோட்டம் தோட்டமாக நம்மைச் சுற்றி வருகிறது. சம்பளத்தோடு கூடிய ஆண்டு லீவு என்று ஒன்று இருப்பதே பலருக்கு நினைவில் இல்லை. நினைவில் உள்ளவர்களும் அதை நிர்வாகம் மனமிரங்கித் தருவது என்று எண்ணுகிறார்கள்.

28 நாள் யாருடையது?

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். இரண்டு ஆண்டுக்குக் குறைந்த வேலைக்கு ஆண்டுக்கு 8 நாள் லீவு. இரண்டு ஆண்டு நிறைந்து ஐந்துக்குக் குறைவாக இருந்தால் 12 நாள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்டால் 16 நாள். இது குறைந்த அளவு. சங்க ஒப்பந்தத்தில் கூடுதலாக இருந்தால் கூடுதலே செல்லும். ஓய்வு நாளும் பொது விடுமுறையும் இதில் சேராது, அவை தனி.

அப்படியானால் அந்தக் கணவருக்கு 16 நாள், மனைவிக்கு 12 நாள். இரண்டும் சேர்ந்து 28. 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 65 வெள்ளி 38 காசு. அந்த அளவில் பார்த்தாலே 28 நாளின் பெறுமானம் 1,830 வெள்ளி 64 காசு. ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்! அத்தனை பெறுமானமுள்ள ஓய்வை வேண்டாமென்று விட்டால் அது வீடு தேடி வருமா? வராது. ஓர் ஆண்டு வேலைக்குரிய லீவை, அந்த ஆண்டு முடிந்த அடுத்த 12 மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் செல்லாமல் போகும். நிர்வாகமே எழுத்தில் கேட்டு, நாமும் எழுத்தில் சம்மதித்து வேலை செய்தால்தான் அதற்குப் பதில் காசு உண்டு.

"நமக்கு வெட்டுக் கூலியாச்சே, லீவு நாளைக்கு என்ன கணக்கு?" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. முந்திய சம்பள மாதத்தில் சம்பாதித்த கூலியை, அந்த மாதம் வேலை செய்த நாட்களால் வகுக்க வேண்டும். ஓய்வு நாளிலும் பொது விடுமுறையிலும் செய்த வேலைக்கு வந்த காசையும், ஊக்கத் திட்டக் காசையும் இதில் சேர்க்கக் கூடாது. அவர் நவம்பரில் 24 நாள் வெட்டி 2,040 வெள்ளி எடுத்திருந்தார். வகுத்தால் ஒரு நாளைக்கு 85 வெள்ளி. டிசம்பரில் எடுக்கும் ஒவ்வொரு லீவு நாளுக்கும் 85 வெள்ளி வரவேண்டும். மனைவி உடனே விரல் விட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்.

தேதியைப் பார்த்து லீவு போடு

பள்ளி ஆண்டு 2022 முதல் 2024 வரை மார்ச்சிலும், 2025-இல் பிப்ரவரியிலும் தொடங்கியது. 2026-இல் பழையபடி ஜனவரிக்குத் திரும்பியது. ஆகவே பள்ளி விடுமுறை டிசம்பர் மூன்றாம் வாரக் கடைசியில் தொடங்கி ஜனவரி இரண்டாம் வாரம் வரை இருந்தது. அவர்கள் நாட்காட்டியை மேசையில் விரித்தார்கள்.

ஆண்டுக்கு 11 பொது விடுமுறைக்குச் சம்பளம் தரவேண்டும் என்கிறது சட்டம். தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், அந்தந்த மாநில ஆட்சியாளர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம் ஆகிய ஐந்தும் கட்டாயம். மற்ற ஆறு எவை என்பதை ஆண்டு பிறக்குமுன் நிர்வாகம் வேலை இடத்தில் எழுதி ஒட்ட வேண்டும். அந்தத் தோட்டத்துப் பட்டியலில் கிறிஸ்மஸ் இருந்தது, ஆங்கிலப் புத்தாண்டு இல்லை.

கிறிஸ்மஸ் வியாழக்கிழமை விழுந்தது. வெள்ளி, சனி இரண்டு நாள் மட்டும் லீவு போட்டால் ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள் முழுதாகக் கையில் வருகிறது. பிறகு ஜனவரி 12 திங்கட்கிழமை, மகன் முதன்முதலாகப் பள்ளிக்குப் போகிற நாள், இருவருக்கும் ஒரு நாள். ஆளுக்கு மூன்றே நாள்தான் கேட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பொது விடுமுறைக்கு முந்திய வேலை நாளிலோ அடுத்த வேலை நாளிலோ அனுமதியின்றி மட்டம் போட்டால், தகுந்த காரணம் இல்லாதபோது, அந்த விடுமுறைச் சம்பளமும் போய்விடும். ஆண்டில் பத்தில் ஒரு பங்கு வேலை நாளுக்கு மேல் அனுமதியில்லாமல் நின்றுவிட்டால் அந்த ஆண்டு லீவே போய்விடும். ஆகையால் எழுத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற வேண்டும்.

அவர்கள் டிசம்பர் முதல் வாரத்திலேயே பாரம் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். "பழம் கெடக்குற நேரத்துல ரெண்டு பேருக்கும் லீவா? ஒருத்தர் எடுங்க" என்றார் கிராணி. கிளைச் செயலாளர் கூடப் போனார். சத்தம் போடவில்லை, கணக்கைக் காட்டினார். எந்த நாளில் லீவு என்பதை இரு தரப்பும் பேசி முடிக்கலாம், லீவே இல்லை என்று சொல்வதற்கில்லை. முன்கூட்டிச் சொன்னதால் நிர்வாகமும் வேறு ஆளை அந்த நிரைக்கு மாற்றிக்கொண்டது. மறுநாள் கையெழுத்தாகி வந்தது.

மலையும் குரங்கும் மின்மினியும்

டிசம்பர் 11, சிலாங்கூர் சுல்தான் பிறந்த நாள். பள்ளிக்கும் தோட்டத்துக்கும் விடுமுறை. புளிச்சோறும் பொரித்த முட்டையும் கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி போனார்கள். பக்கத்திலேயே இருந்தும் பிள்ளைகள் அதுவரை பார்த்ததில்லை. பழைய பீரங்கிகள், 1784-இல் டச்சுக்காரன் பிடித்த கோட்டையின் மிச்சம், கலங்கரை விளக்கம், தூரத்தில் கடல். பிள்ளைகளுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். சாம்பல் நிறக் குரங்குகளின் குட்டி மட்டும் ஏன் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது என்பதே அன்றைய பெரிய விவகாரம். வளர வளர நிறம் மாறிவிடும் என்று மலையில் ஒரு மலாய்ப் பெரியவர் சொன்ன பிறகுதான் மகன் அடங்கினான்.

பள்ளி பூட்டியதும் முதல் மூன்று நாள் பிள்ளைகளைக் காப்பாரில் உள்ள தாத்தா பாட்டியிடம் விட்டார்கள். தாத்தா பழைய பால்மரத் தொழிலாளி. அவர் வேலை செய்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. பேத்தியை சைக்கிளில் வைத்துக் கடைக்குக் கூட்டிப் போகும்போது அவர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். தன் தகப்பனார் காலத்தில் துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டுமாம். "ஏன் தாத்தா, அவங்க ரோடா அது?" என்று கேட்டாளாம் பேத்தி.

அது வெறும் கதையல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், ஆர். எச். நாதன் முன்னின்ற கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் கோரிக்கைகளில் ஒன்று, தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்காமல் போகலாம் என்பது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகலாம் என்பது மற்றொன்று. கூலி உயர்வும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடை மூடுவதும் அதே பட்டியலில் இருந்தன. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் நம்மவர் உயிர் போயிற்று. குடும்பத்தோடு வெளியே போய்வரும் உரிமைக்குக்கூட அந்தத் தலைமுறை போராட வேண்டியிருந்தது. அதை எண்ணிப் பார்த்தால், கையெழுத்துப் போட்டால் கிடைக்கிற லீவைக் கேட்காமல் விடலாமா?

கிறிஸ்மஸ் அன்று எங்கும் போகவில்லை. காலையில் மூட்டை மூட்டையாய்த் துணி துவைத்தார்கள். குடம் வைத்த பக்கம் வழுக்குகிறதென்று கணவர் வாசலில் சிமெண்டு பூசினார். பக்கத்து லயத்துக் கிறிஸ்தவக் குடும்பம் பலகாரம் அனுப்பியது. பிற்பகல் நால்வரும் பாய் விரித்துத் தூங்கினார்கள். "நாலு பேரும் ஒண்ணா பகல்ல தூங்கினது எனக்கு ஞாபகமே இல்லண்ணே" என்று அந்தத் தங்கச்சி நம்மிடம் சொன்னார். ஊர் சுற்றினால்தான் விடுமுறையா? இதுவும் விடுமுறைதான்.

26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை பத்துமலை. ஒரே மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் போகும் ஆபத்தான வழக்கத்தை விட்டு, அண்டை வீட்டாரோடு சேர்ந்து வேன் எடுத்து எண்ணெய்க் காசைப் பங்கிட்டுக்கொண்டார்கள். 272 படியையும் மகள் சத்தமாக எண்ணி ஏறினாள். மகன் நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். 2006-இல் எழுந்த முருகன் சிலையின் காலடியில் நின்று படம் பிடித்தார்கள். பிற்பகல் உலு கிள்ளானில், 1963-இல் திறந்த தேசிய மிருகக்காட்சி சாலை. யானையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெருமழை. நால்வரும் தொப்பலாக நனைந்து வீடு வந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை தாய்க்குக் காய்ச்சல். லீவு நாளாச்சே, வீட்டிலேயே படுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். கணவர் விடவில்லை. தோட்டத்து டாக்டரிடம் கூட்டிப் போய் மருந்தும் எம்.சி.யும் வாங்கி, அன்றே ஆபீசுக்குத் தகவல் சொன்னார். 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்பது சட்டம். ஆண்டு லீவில் இருக்கும்போது நோய் வந்து எம்.சி. கிடைத்தால், அந்த நாள் நோய் லீவில் சேரும், ஆண்டு லீவு நாள் திரும்பக் கணக்கில் ஏறும். இது தெரியாமல் எத்தனை பேர் லீவையும் இழந்து காய்ச்சலையும் அனுபவித்திருக்கிறோம்!

ஞாயிறு மாலை காய்ச்சல் விட்டது, வானமும் வெளுத்தது. இரவு கம்போங் குவாந்தான் போனார்கள். சிலாங்கூர் ஆற்றின் கரையில் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். துடுப்புப் போடும் சின்னப் படகில் நால்வர் ஏறலாம். இயந்திரச் சத்தம் இல்லை, விளக்கு இல்லை. மரம் முழுதும் ஒரே நேரத்தில் மின்னி அணைகிறது. எப்போதும் வாய் ஓயாத மகன் அந்த நேரம் முழுதும் ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

புத்தாண்டு வந்தது, போனது. தாய் தகப்பன் பெரட்டுக்குப் போன நாட்களில் பிள்ளைகள் பக்கத்து வீட்டு ஆயாவோடு இருந்தார்கள். மகள் தம்பிக்கு உயிரெழுத்தும் பன்னிரண்டு வரை எண்களும் சொல்லிக் கொடுத்தாள். கோழிக்குத் தீனி போட்டாள், பாத்திரம் கழுவினாள், பாண்டி விளையாடினாள். காட்டுக்கு ஒரு நாளும் போகவில்லை.

திரும்பிக் கிடைத்த அந்த ஒரு லீவு நாளை ஜனவரி 10 சனிக்கிழமைக்குத் தாய் கேட்டு வாங்கினார். பிள்ளைகளோடு கிள்ளான் போய்ப் பள்ளிச் சட்டை, சப்பாத்து, பை எல்லாம் வாங்கினார். கடைசி நேரத்து ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இடிபடவில்லை. 12-ஆம் தேதி காலை, தாயும் தகப்பனும் இரு பக்கமும் கைபிடிக்க, மகன் தமிழ்ப்பள்ளி வாசலில் நுழைந்தான்.

ஆக மொத்தம் ஆளுக்கு மூன்று நாள் லீவு. கணவருக்கு இன்னும் 13 மிச்சம், மனைவிக்கு 9. செலவுக்கு ஆகஸ்டு முதலே பால் டின்னில் சேர்த்த காசு போதுமானதாயிருந்தது. கடன் இல்லை, கூலி வெட்டு இல்லை. டிசம்பர் சம்பளச் சீட்டில் லீவு நாளுக்கு ஒழுங்காகக் காசு ஏறியிருக்கிறதா என்று இருவரும் பார்த்தார்கள். ஏறியிருந்தது.

நாம் செய்ய வேண்டியது

இன்றைக்கே சம்பளச் சீட்டை எடுங்கள். வேலைக்குச் சேர்ந்த தேதியைப் பாருங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை நாள் லீவு, எத்தனை எடுத்தாயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளி விடுமுறைத் தேதியையும் ஆபீசில் ஒட்டிய 11 நாள் பட்டியலையும் பக்கத்தில் வையுங்கள். கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசி, முன்கூட்டியே பாரம் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். மறுத்தால் சங்கக் கிளைக்கு வாருங்கள். அங்கும் தீராவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இதே சட்டத்துக்குள் வருகிறவர்கள்தாம். அவர்கள் பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களுக்கும் லீவுக் கணக்கைச் சொல்லுங்கள். ஒருவர் உரிமை தூங்கினால் அடுத்தவர் உரிமையும் தூங்கிவிடும்.

குலை அடுத்த சுற்றுக்கும் பழுக்கும் தோழர்களே. பிள்ளைக்கு ஒன்பது வயது மறுபடி வருமா? லீவு நம்முடையது. கேட்டு வாங்குவோம், பிள்ளைகளோடு கழிப்போம்.